நாள் முடிந்தது என்று சொல்வது யார்?

ஒரு வேலையை முடித்துக்கொள்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் பல உண்டு. அவற்றுள் அன்றாடம் அதிகம் காதில் விழுவது 'கால் இட் எ டே'. கூட்டம் இழுத்துக்கொண்டே போகும்போது தலைமை வகிப்பவர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்பார், மடிக்கணினிகள் மூடப்படும். நெடுங்காலம் ஆடிய விளையாட்டு வீரர் ஓய்வை அறிவித்தால் செய்தித்தாள்கள் இதே தொடரைப் போடும். இசைக்குழு கலைந்தாலும், பழைய கடை ஒன்று மூடப்பட்டாலும், ஒத்துவராத மணவாழ்க்கையை இருவரும் பேசி முடித்துக்கொண்டாலும் இந்தத் தொடர்தான். 'அன்றைய வேலையை நிறுத்திக்கொள்ளுதல்', 'ஒன்றிலிருந்து விலகிக்கொள்ளுதல்' என்று அகராதிகள் இரண்டு வரியில் பொருள் தந்துவிடுகின்றன.

அந்தப் பொருள் சரிதான், ஆனால் போதாது. இது எந்த உழைப்புச் சூழலில் பிறந்தது, இதைச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, யாரிடமிருந்து பறிபோனது, எப்படி மீட்கப்பட்டது என்று தொடர்ந்து பார்த்தால், நவீனத் தொழிலாளர் வரலாற்றின் பெரும்பகுதி இந்தச் சிறு தொடரைச் சுற்றியே நிற்பது தெரியும். சூரியன் மறைவது இயற்கை. வேலைநாள் முடிவது அப்படியல்ல. யாரோ ஒருவர் அதை அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உழைப்பவரின் மீதி வாழ்க்கை அமைகிறது.

கணக்கு முடிக்கும் பேச்சு

ஆங்கில அகராதியியலாளர்கள் காட்டும் பழைய ஆதாரம் 1838ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அமெரிக்காவில் அச்சானது. அதில் 'ஒரு நாள்' இல்லை, 'அரை நாள்' என்றே இருக்கிறது. கிளம்பும் தொழிலாளி, செய்த வேலையை அரை நாளாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார். 'அரை' உதிர்ந்து இன்றைய வடிவம் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இரவு விருந்தை முடித்துக்கொண்டு கிளம்பும்போது சொல்லும் 'கால் இட் எ நைட்' அதற்கும் பிந்தியது.

இங்கே 'கால்' என்பது அழைப்பதைக் குறிக்கவில்லை. பேரம் படியும் கட்டத்தில் 'சரி, பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்' என்கிறோமே, அந்த வைத்துக்கொள்ளுதல்தான் அது. ஆங்கிலத்தில் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. 'கால் இட் குவிட்ஸ்' என்றால் கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது என்று பொருள். 'கால் இட் ஸ்கொயர்' என்றால் இருவர் கணக்கும் நேராகிவிட்டது என்று பொருள். மூன்றும் கணக்கு முடிக்கும் பேச்சு. கூலியை நாளாகவும் அரை நாளாகவும் கால் நாளாகவும் அளந்த உலகத்தில், செய்த வேலைக்கு ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு எழுந்திருப்பதே இந்தத் தொடரின் மூலக் காட்சி.

இந்த மூலத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய வழக்கின் நுட்பங்கள் பிடிபடும். முதலாவது, இந்தத் தொடர் வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை. வேலை பாக்கி இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். செய்தது ஒரு நாளைக்குப் போதும் என்பது மட்டுமே அதன் கூற்று. வேலையை முழுமையாக முடித்துக் கட்டுவதைச் சொல்ல 'ராப் அப்' என்ற வேறு தொடர் இருக்கிறது. இரண்டாவது, இதில் தோல்வி இல்லை. குத்துச்சண்டை மேடைக்குள் துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்த 'த்ரோ இன் த டவல்' தோற்றவரின் சொல். 'கால் இட் எ டே' தலைநிமிர்ந்து எழுபவரின் சொல். ஆகவேதான் ஓய்வு பெறும் வீரருக்கு இது கௌரவமாகப் பொருந்துகிறது.

மூன்றாவது நுட்பமே முக்கியமானது. இந்தத் தொடரின் எழுவாயாக வருபவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 'கால்ட் இட் எ டே' என்று யாரும் எழுதுவதில்லை. கூட்டத்தில் மேலாளர் 'லெட்ஸ்' என்று தொடங்கி எல்லோரையும் சேர்த்துச் சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர் அதே வாக்கியத்தை முதலில் சொன்னால் அறை ஒரு கணம் அமைதியாகிவிடும். அவருக்கு மொழி அனுமதிப்பது 'நான் கிளம்பலாம் என்று நினைக்கிறேன்' என்ற அளவுக்குத்தான். இலக்கணம் ஒன்றுதான், சொல்பவரின் இடம் வேறு.

மணி அடிப்பவரும் கடிகாரம் வைத்திருப்பவரும்

தொழிற்சாலைக்கு முந்தைய இங்கிலாந்தில் உழைப்பாளிக்கு இந்த உரிமை முழுமையாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம், மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை கூலியாட்கள் காலை 5 மணிக்குள் வேலைக்கு வந்து இரவு 7 அல்லது 8 வரை இருக்க வேண்டும் என்றது. உணவுக்கும் பானத்துக்கும் எல்லாமாகச் சேர்த்து இரண்டரை மணி நேரம். வராத ஒவ்வொரு மணிக்கும் ஒரு பென்னி பிடித்தம். குளிர்காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை.

சட்டம் அப்படி இருந்தாலும், வீட்டில் தறி வைத்திருந்த நெசவாளரும், சொந்தப் பட்டறையில் செருப்புத் தைத்தவரும் தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டனர். வாரத்தின் முற்பகுதியில் மெதுவாகவும் பிற்பகுதியில் இரவு பகலாகவும் வேலை நடந்தது. திங்கட்கிழமையை ஒரு புனிதரின் திருநாள் போலப் பாவித்து 'செயின்ட் மண்டே' என்று பெயரிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தனர். இந்த வழக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன். நேரம், வேலை ஒழுங்கு, தொழில் முதலாளியம் மூன்றையும் இணைத்து 1967இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். வேலையின் தேவையைப் பார்த்து உழைத்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்து உழைப்பவர்களாக எப்படி மாற்றப்பட்டார்கள் என்பதே அதன் சாரம்.

அந்த மாற்றத்தின் தொடக்கத்தை 1700ஐ ஒட்டி ஆம்ப்ரோஸ் குரோலியின் இரும்பு ஆலைகளில் காணலாம். தன் பணியாளர்களுக்காக அவர் தொகுத்த விதிநூல் ஒரு லட்சம் சொற்களுக்கு மேல் நீண்டது. காலை 5 மணிக்கு மணி அடித்து வேலை தொடங்கும். இரவு 8 மணிக்கு மணி அடித்தால்தான் முடியும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. கண்காணிப்பாளரின் கடிகாரத்தைத் தவிர வேறு எந்தக் கடிகாரத்தையும், கைவசமுள்ள எந்தக் கருவியையும் வைத்து யாரும் நேரம் கணக்கிடக் கூடாது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் உரிமை அதற்கென நியமிக்கப்பட்டவருக்கு மட்டும்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளில் சிறுவனாக வேலை பார்த்த ஒருவரின் வரலாறாக 1850இல் வெளிவந்த நூல், அந்த விதியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காலையில் ஆலைக் கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்படும். மாலையில் பின்னே இழுத்து வைக்கப்படும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. பையில் கடிகாரம் வைத்திருக்கவே தொழிலாளர்கள் அஞ்சினார்கள். நேரம் அறிந்தவர் என்று தெரிந்தால் வேலை போய்விடும். உழைப்பைச் சுரண்டுவதற்கு முன்னால் நேரத்தைப் பற்றிய அறிவைப் பறித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

இருட்டு என்ற கடைசி எல்லையும் விரைவில் உடைந்தது. வில்லியம் மர்டாக் 1805ஐ ஒட்டி சால்ஃபர்டில் ஒரு பெரிய பஞ்சாலைக்கு எரிவாயு விளக்குகளைப் பொருத்தினார். அதன்பின் பகல் எவ்வளவு நீளம் என்பதை வானம் தீர்மானிக்கவில்லை.

எண்ணிக்கை போதாது, எல்லை வேண்டும்

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆலைச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயற்றியது. 1802, 1819 சட்டங்கள் ஏட்டளவில் நின்றன, அமலாக்க ஆளில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் 9 முதல் 13 வயதுவரையான குழந்தைகளுக்கு வாரம் 48 மணி என்று வரம்பிட்டதோடு, நான்கு ஆய்வாளர்களையும் நியமித்தது. 1847இல் ஜான் ஃபீல்டன் முன்னெடுத்த பத்து மணி நேரச் சட்டம் பெண்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் நாளுக்கு 10 மணி என்று நிர்ணயித்தது. ஆலைத் தொழிலாளர்கள் கொண்டாடினார்கள்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சட்டம் 10 மணி என்று எண்ணிக்கையைச் சொன்னது. அந்தப் பத்து மணி எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று கட்டிப்போடவில்லை. காலை 5.30 முதல் இரவு 8.30 வரை ஆலை ஓடலாம் என்பது நடைமுறை. முதலாளிகள் அஞ்சல்முறை (ரிலே) ஒன்றைக் கையாண்டார்கள். ஒரு பெண்ணைக் காலையில் இரண்டு மணி நேரம் வேலை வாங்கி வெளியே அனுப்புவார்கள், மறுபடி கூப்பிட்டு மூன்று மணி, மறுபடி இடைவெளி, இப்படித் துண்டு துண்டாகப் பத்து மணியைப் பதினைந்து மணிக்குள் சிதறடித்தார்கள். கூட்டிப் பார்த்தால் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நாள் முழுவதும் ஆலை வாசலிலேயே கழிந்தது. யார் எப்போது உள்ளே, எப்போது வெளியே என்பதை எந்த ஆய்வாளராலும் பின்தொடர முடியவில்லை. 1850 பிப்ரவரியில் நீதிமன்றம் இந்த முறை சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை, குளிர்காலத்தில் வேண்டுமானால் 7 முதல் 7 வரை. நடுவே ஒன்றரை மணி நேரம் உணவுக்கு. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வேலை கிடையாது. இதற்கு விலையாக வார நாட்களில் அரை மணி கூடியது. பத்து மணி பத்தரை ஆனது. தொழிலாளர் இயக்கத்தில் பலர் இதைத் துரோகம் என்றே கருதினார்கள். ஆனால் ஆறு மணிக்குப் பிறகு ஆலைக்குள் ஒரு பெண் நின்றாலே குற்றம் என்பது கண்ணால் பார்த்து நிறுவக்கூடிய விதி. ஏற்கெனவே 1844ஆம் ஆண்டுச் சட்டம், நேரத்தை ஆலைக் கடிகாரத்தால் அல்ல, அருகிலுள்ள ரயில் நிலையக் கடிகாரம் போன்ற ஒரு பொதுக் கடிகாரத்தால் அளக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. பொதுக் கடிகாரமும் முடியும் நேரமும் சேர்ந்தபோதுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது.

எத்தனை மணி நேரம் என்று சொல்வது பாதிப் பாதுகாப்பு. எப்போது முடியும் என்று சொல்வதே முழுப் பாதுகாப்பு. இன்றைய விவாதங்களில் நாம் மறந்துவிடும் உண்மை இது.

பெட்டோனில் ஒரு தச்சர்

எட்டு மணி நேர வேலைநாளை 1817 வாக்கிலேயே முன்வைத்தவர் ராபர்ட் ஓவன். அதை ஒப்பந்தமாக்கிய கதைகளுள் புகழ்பெற்றது நியூசிலாந்தில் நடந்தது. 1840இல் வெலிங்டனை அடுத்த பெட்டோனில் கப்பலிலிருந்து இறங்கிய சாமுவேல் பார்னெல் என்ற தச்சரிடம், ஜார்ஜ் ஹன்டர் என்பவர் ஒரு பண்டகசாலை கட்டித்தரக் கேட்டார். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன் என்று பார்னெல் நிபந்தனை போட்டார். இருபத்துநான்கு மணியில் எட்டு உழைப்புக்கு, எட்டு உறக்கத்துக்கு, எட்டு தனக்கு. ஹன்டர் மறுத்துப் பேசினார்: லண்டனில் காலை ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது ஆள் வந்து நிற்காவிட்டால் கால் நாள் கூலி போய்விடும் என்று நினைவூட்டினார். நாம் லண்டனில் இல்லை என்பதே தச்சரின் பதில். அந்தக் குடியேற்றத்தில் தச்சர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். ஹன்டருக்கு வேறு வழியில்லை.

அந்த உரையாடலில் கூலியின் கால் நாள் கணக்கும், மணி அடிப்பவரின் அதிகாரமும், அதை மறுத்து நின்ற உழைப்பாளியின் துணிவும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பார்னெலின் வெற்றிக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. ஆள் மலிந்த இடங்களில் தனி ஒருவரால் இதைச் சாதிக்க முடியாது. கூட்டாக நிற்க வேண்டியிருந்தது. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை பார்த்த கல்தச்சர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேரத்தைப் பெற்றார்கள்.

அமெரிக்காவில் 1886 மே 1 அன்று லட்சக்கணக்கானோர் எட்டு மணி நேரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 4 சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பும், 1887 நவம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டதும், எஞ்சிய மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் மன்னித்து விடுவித்ததும் நாம் அறிந்தவை. 1889இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு மே நாளை உலக நாளாக்கியது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, தன் முதல் உடன்படிக்கையாகவே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது.

விதிவிலக்காக வைக்கப்பட்ட நாடு

அந்த உடன்படிக்கையின் பத்தாம் பிரிவைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். உலகத்துக்கு 48 மணி; பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று அது சொல்கிறது. ஜப்பானுக்கும் வேறு அளவில் விலக்கு உண்டு. இங்கிலாந்துப் பெண்களுக்கு 1850இலேயே கிடைத்த அறுபது மணி வாரம், எழுபது ஆண்டு கழித்து இந்தியத் தொழிலாளிக்கு இலக்காக வைக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அதை அப்படியே ஏற்று, நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றது.

அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1881ஆம் ஆண்டின் முதல் சட்டம் குழந்தைகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 1905ஐ ஒட்டி பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு வந்ததும், சால்ஃபர்டில் நடந்தது இங்கும் நடந்தது. வேலைநாள் இரவுக்குள் நீண்டது. எதிர்ப்புகளும் விசாரணைக் குழுக்களும் வந்த பிறகே, 1911இல் நெசவாலை ஆண்களுக்கு 12 மணி என்ற வரம்பு வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை நேருக்கு நேர் எழுப்பியது தூத்துக்குடி. 1908 பிப்ரவரி இறுதியில் ஹார்வி நிர்வாகத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினார்கள். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை என்பவை கோரிக்கைகள். ஊரே துணை நின்றது. மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. அந்த வெற்றியின் சூடு ஆறுமுன் மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். சுதேசிக் கப்பல் அளவுக்கு இந்தப் போராட்டம் நம் பாடநூல்களில் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. கப்பல் விட்டது நாட்டின் உரிமைக்காக. கோரல் ஆலை வாசலில் நின்றது ஒரு நெசவாலைக் குடும்பத்தின் மாலை நேரத்துக்காக.

1918 ஏப்ரலில் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோதும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் முன்னே நின்றது நேரம்தான். மதிய உணவுக்கு அவர்களுக்கு இருந்தது அரை மணி. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே நாளைக் கொண்டாடினார்.

மிகக் கொடிய விலை கொடுத்தது புதுச்சேரி. பிரான்சில் 1936 ஜூனில் வாரம் 40 மணிச் சட்டம் நிறைவேறியது. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரிப் பஞ்சாலைகளில் விடியலுக்கு முன் தொடங்கி இருட்டும் வரை வேலை. வ. சுப்பையா வழிநடத்திய தொழிலாளர்கள் எட்டு மணி நேரமும் சங்க உரிமையும் கேட்டார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் ஆயுதப்படை சுட்டது. 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு வந்த ஆணை எட்டு மணி நேர வேலைநாளையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றது. வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமைக்காகத் தமிழ் மண்ணில் உயிர்விட்டவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் 10 மணி, 54 மணி என்று குறைத்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் முன்னெடுத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 9 மணி, 48 மணி ஆக்கியது. 14 மணி நேரத்தை அவர் ஒரே அடியாக 8 ஆக்கினார் என்று மேடைகளில் சொல்லப்படுவது துல்லியமல்ல. 54ஐ 48 ஆக்கியதே அவர் செய்தது. அது சிறிய காரியமல்ல: 1919இல் இந்தியாவுக்கு மறுக்கப்பட்ட அந்த 48 அதன்வழி இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது. இன்றுவரை நம் அடிப்படை அந்த எண்தான்.

போதும் என்பதற்கு ஓர் அளவு

செய்தது ஒரு நாளைக்குப் போதும் என்ற பழைய தொழிலாளியின் மதிப்பீடு வெறும் சோம்பல் இல்லை என்பதை அளந்து காட்டியது முதல் உலகப்போர். வெடிமருந்து ஆலைகளில் வாரம் எழுபது மணிக்கு மேலும் வேலை வாங்கிய பிரிட்டிஷ் அரசு, 1915இல் தொழிலாளர் உடல்நலக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு திரட்டிய வாராந்தர உற்பத்திப் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கேவல் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி ஆராய்ந்தார். வாரம் சுமார் 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி கூடுகிறது. அதற்குமேல் கூடும் ஒவ்வொரு மணியும் குறைவாகவே தருகிறது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி உழைத்தவர்களின் உற்பத்தியைவிடப் பெரிதாக அதிகமில்லை. பதினான்கு மணி நேர உடலுழைப்பு கிட்டத்தட்ட வீண்.

உற்பத்தி போனாலும் பரவாயில்லை, உடல் போகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கூட்டு ஆய்வின்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலைநேரத்தால் நேர்ந்த இறப்புகள் சுமார் 7,45,000. நாட்டுக்காக வாரம் எழுபது மணி உழையுங்கள், தொண்ணூறு மணி உழையுங்கள் என்று அறிவுரை சொல்லும் தொழில் தலைவர்கள் இந்த எண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

வாசல் இல்லாத ஆலை

இன்று ஆலை வாசலும் சங்கும் இல்லாத வேலைகள் பெருகிவிட்டன. மாலை ஏழு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பியவரின் கைப்பேசியில் எட்டரைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, பத்துக்கு ஒரு மின்னஞ்சல், பதினொன்றுக்கு 'ஒரு சின்ன கால்'. எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. கூட்டிப் பார்த்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கால் மணி, நாலு மணி நேர மாலையைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. 1848இல் லங்காஷயர் முதலாளிகள் செய்த அதே அஞ்சல்முறை வேறு கருவியோடு திரும்பியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் காக்கும் சட்டம் அன்று தோற்ற காரணத்தாலேயே இன்றும் தோற்கிறது.

செயலி வழி உணவு கொண்டுசெல்பவரின் நிலை வேறு விதத்தில் கடினம். எப்போது வேண்டுமானாலும் 'லாக் அவுட்' செய்துகொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் இத்தனை ஆர்டர் முடித்தால்தான் ஊக்கத்தொகை என்ற இலக்கு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆர்டர் குறைவாக எழுந்தால் அதுவரை ஓடியதன் பலன் பெரும்பகுதி போய்விடும். 'அரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லக்கூட எதிரே ஒரு மேஸ்திரி கிடையாது.

சில நாடுகள் இதை எதிர்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலைநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச வேண்டும்.  ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் 26 முதல் ஒரு படி மேலே போயிருக்கிறது: வேலைநேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை எடுக்காமலும் செய்தியைப் படிக்காமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு; அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் மட்டுமே விலக்கு. நம் மக்களவையில் 2018 இறுதியில் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

தமிழ்நாடு இதில் வெறும் பார்வையாளராக இல்லை. 2023இல், மெல்போர்ன் கல்தச்சர்கள் ஊர்வலம் போன அதே ஏப்ரல் 21ஆம் தேதி, நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரம் 48 மணி என்ற கூட்டுத்தொகை மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எண்ணிக்கை மாறாவிட்டாலும் நாளின் எல்லை நகர்ந்தால் இழப்பு உழைப்பவருக்கே என்பதைத் தொழிற்சங்கங்கள் சரியாக உணர்ந்திருந்தன.

ஆகவே இனி வரும் ஒவ்வொரு தொழிலாளர் விதியிடமும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேலைநாள் எந்த நிமிடத்தில் முடிகிறது என்று அது சொல்கிறதா? அந்த நேரத்தை அளப்பது முதலாளியின் கருவி அல்லாத, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவா? அதன்பிறகு எழுந்துபோகிறவருக்குக் கூலியிலோ பதவி உயர்விலோ கால் நாளும் கழியாது என்று அது உறுதி தருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் விதியே உழைப்பவருக்குத் தன் நாளை முடித்துக்கொள்ளும் உரிமையைத் தரும். மற்றவை, எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தாலும், அந்த உரிமையை மேலதிகாரியின் நல்ல மனத்துக்கே விட்டுவைக்கின்றன.